ரெண்டரை நாள் பொறுமை

(ஒலி வடிவத்திலிருந்து எழுதியது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல கோயில் மணி, பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவுல போற ஆட்டோ ஹாரன் எல்லாம் கேட்கும். எடிட்ல எடுக்க முயற்சி பண்ணினேன், முடியல. அப்படியே இருக்கட்டும்.

முதல்ல உங்ககிட்ட ஒரு கேள்வி. நான் உங்களுக்கு இப்பவே 500 ரூபாய் தர்றேன். இல்லன்னா மூணு வாரம் கழிச்சு 1000 ரூபாய் தர்றேன். எது வேணும்? பதிலை மனசுக்குள்ள வெச்சுக்கோங்க. இந்த மாதிரி அஞ்சே கேள்வி கேட்டு, ஒருத்தர் எவ்வளவு பொறுமைசாலி, அவரை நம்பிக் கடன் கொடுக்கலாமான்னு முடிவு பண்ண முடியுமா? போன வருஷம் என் வேலையில எனக்கு வந்த டாஸ்க்கே இதுதான்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர்ங்கிறது உங்களுக்குத் தெரியும். கம்பெனி சென்னையில, நான் பெரும்பாலும் வீட்டுல இருந்து வேலை. எங்க டீமுக்கு ஒரு கிளையன்ட் வந்தாங்க. சின்ன வியாபாரிகளுக்கு மொபைல் ஆப் மூலமா சின்னச் சின்னக் கடன் கொடுக்கிறவங்க. பேர் வேண்டாம். தள்ளுவண்டி, பூக்கடை, டிபன் கடைன்னு இருக்கிற பலருக்கு கிரெடிட் ஸ்கோரே கிடையாது. அதனால ஒரு நிமிஷத்துல முடியற மாதிரி ஒரு பொறுமை டெஸ்ட் வெச்சா, அதை ஸ்கோராக்கிக் கடன் முடிவுல சேர்க்கலாம்ங்கிறது அவங்க ஐடியா. கேட்டதும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அதை மறைக்கல. சனி, ஞாயிறு உட்கார்ந்து கோட் எழுதி முடிச்சிட்டேன்.

அந்த டெஸ்ட் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க.

கண் டாக்டர்கிட்ட போயிருப்பீங்க. ஒரு லென்ஸைப் போட்டு "இது தெளிவா இருக்கா?"ன்னு கேட்பாங்க, இன்னொண்ணைப் போட்டு "இல்ல, அதுவா?"ன்னு கேட்பாங்க. நம்ம பதிலைப் பொறுத்துதான் அடுத்த லென்ஸ். பெட்டியில இருக்கிற எல்லா லென்ஸையும் வரிசையாப் போட்டுப் பார்க்கிறதில்ல. போன பதில்ல இருந்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிற இந்த முறைக்குத்தான் அடாப்டிவ் முறைன்னு பேரு. காது கேட்கும் திறனைச் சோதிக்கிறதும் இப்படித்தான். சத்தம் கேட்டுச்சுன்னா குறைப்பாங்க, கேட்கலன்னா கூட்டுவாங்க.

மனுஷங்க, ஏன் விலங்குகளும்கூட, காத்திருக்கிறதை எப்படி மதிப்பிடுதுன்னு அளக்கவும் இதே வழிதான். 1987ல ஜேம்ஸ் மேசர்ங்கிற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வெச்சு ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு பக்கம் கொஞ்சம் தீனி சீக்கிரமா வரும், இன்னொரு பக்கம் அதிகத் தீனி தாமதமா வரும். புறா எதைத் தேர்ந்தெடுக்குதுன்னு பார்த்து அந்தத் தாமதத்தைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டே போவாங்க. ஒரு கட்டத்துல புறாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு ஆயிடும். அந்தப் புள்ளிதான் அளவு. அதே 1987லதான் நம்ம ஊர் ராஜகோபுரம் கட்டி முடிச்சுக் குடமுழுக்கு நடந்தது. பல நூறு வருஷமா மொட்டைக் கோபுரமா நின்னது, 236 அடிக்கு எழும்பி முடிஞ்சது அப்பதான். காத்திருக்கிறதைப் பத்திப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியல.

மேசரோட சூத்திரம் ரொம்ப எளிமை. பின்னாடி வரப்போற தொகையை எடுத்துக்கோங்க. அதை ஒண்ணு கூட்டல் கே பெருக்கல் நாள் எண்ணிக்கைங்கிற எண்ணால வகுத்தா, அந்தத் தொகைக்கு இன்னைக்கு உங்க மனசுல இருக்கிற மதிப்பு கிடைக்கும். இதுல கேதான் உங்க அவசரம். கே பெருசா இருந்தா அவசரக்காரர், சின்னதா இருந்தா பொறுமைசாலி. இதுல ஒரு அழகு இருக்கு. எத்தனை நாள்ல ஒரு தொகையோட மதிப்பு உங்க மனசுல சரிபாதியாகுதோ, ஒண்ணை அந்த நாள் எண்ணிக்கையால வகுத்தா அதுதான் கே. அதனால அந்தப் பாதி நாளைக் கண்டுபிடிச்சாலே போதும்.

2014ல கோஃபார்னஸ், பிக்கல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே பிடிச்சு, ஒரு நிமிஷத்துக்குள்ள முடியற டெஸ்ட் ஒண்ணு செஞ்சாங்க. ஒரு மணி நேரத்துல இருந்து 25 வருஷம் வரைக்கும் 31 தாமதங்களை வரிசையா வெச்சாங்க. நட்ட நடுவுல இருக்கிறது மூணு வாரம். முதல் கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதான்: பாதித் தொகை இப்பவா, முழுத் தொகை மூணு வாரம் கழிச்சா? "இப்பவே"ன்னா அடுத்த கேள்வி ஒரு நாளுக்கு இறங்கும். "காத்திருக்கிறேன்"னா ரெண்டு வருஷத்துக்கு ஏறும். அப்புறம் அதுல பாதி, அதுலயும் பாதி. காலேஜ்ல படிச்ச பைனரி சர்ச் ஞாபகம் வருதா? அதேதான். அஞ்சு கேள்வி, ரெண்டை அஞ்சு தடவை பெருக்கினா 32 விடைகள். முடிஞ்சது.

கோட் முடிஞ்சதும் யார்கிட்டயாவது சோதிக்கணும் இல்லையா? வீட்டுல இருந்தவங்களைப் பிடிச்சேன்.

முதல்ல அம்மா. மூணு வாரம்னதும் காத்திருக்கிறேன்னாங்க. ரெண்டு வருஷமா? "வேண்டாம்டா, இப்பவே கொடு." நாலு மாசம்? காத்திருப்பாங்க. எட்டு மாசம்? மாட்டாங்க. ஆறு மாசம்? கொஞ்சம் யோசிச்சு, சரின்னாங்க. அம்மாவோட பாதி நாள் ஏறக்குறைய ஏழு மாசம். ஆப்ல பச்சை விளக்கு.

அடுத்து தாத்தா. தபால் ஆபீஸ் சேமிப்புப் பத்திரம் வாங்கிப் பீரோவுல பூட்டி வெச்சுட்டு, முதிர்வு தேதியை டைரியில எழுதி வைக்கிற ஆள். அவருக்கு வந்த விடை ரெண்டு வாரத்துக்கும் மூணு வாரத்துக்கும் நடுவுல. நம்பவே முடியல. பதில்களை எடுத்துப் பார்த்தா முதல் கேள்விக்கு "இப்பவே", மீதி நாலுக்கும் "காத்திருக்கிறேன்". கேட்டா, "கை பட்டுடுச்சுடா, அந்தப் பட்டனும் இந்தப் பட்டனும் ஒட்டிக்கிட்டு இருக்கு"ங்கிறார். முதல் பதில் தப்பானா அந்தப் பாதியை விட்டு வெளியே வர வழியே இல்ல. எத்தனை தடவை காத்திருக்கிறேன்னு சொன்னாலும் மூணு வாரத்துக்கு மேல அந்த டெஸ்ட் ஏறாது. மறுபடி செஞ்சப்ப பாதி நாள் மூணு வருஷத்துக்கு மேல வந்தது. அதுலயும் எட்டு வருஷம்னு கேட்டதுக்கு, "எனக்கு எண்பது வயசு ஆகுதுடா, எட்டு வருஷம் கழிச்சு யார்கிட்ட கொடுப்ப?"ன்னு கேட்டார். நியாயம்தானே? அது பொறுமை சம்பந்தப்பட்ட பதிலே இல்ல.

இந்த முதல் பிரச்சினைக்கு இன்ஜினியரிங் தீர்வு இருக்கு. பைனரி சர்ச் நீங்க சொல்ற எல்லாப் பதிலையும் அப்படியே நம்பும். அதுக்குப் பதிலா பேய்சியன் அடாப்டிவ் முறைன்னு ஒண்ணு இருக்கு. இது எந்த விடையையும் முழுசாத் தூக்கிப் போடாது. ஒவ்வொரு கே மதிப்புக்கும் ஒரு நிகழ்தகவை வெச்சுக்கும். நீங்க பதில் சொல்லச் சொல்ல சிலதுக்கு ஏத்தும், சிலதுக்கு இறக்கும். மனுஷன்னா சில சமயம் தப்பாவும் அழுத்துவான்னு அந்தக் கணக்கிலேயே இடம் இருக்கும். அடுத்து எந்தக் கேள்வி கேட்டா அதிகத் தகவல் கிடைக்குமோ அதையே கேட்கும். தாத்தா மாதிரி ஒருத்தர் முதல் பதிலைத் தவறா அழுத்தினாலும், அடுத்தடுத்த பதில்களால கணக்கு மெதுவா சரியான இடத்துக்குத் திரும்பிடும். 2020ல ஒரு குழு இந்த முறையில 10, 20 கேள்விகளுக்குள்ள நம்பகமான அளவு எடுக்க முடியும்னு காட்டினாங்க. இதுக்கு ஏடோபைன்னு இலவச பைத்தான் லைப்ரரியே இருக்கு. நானும் அதுக்கு மாறினேன். அப்பாடா, பிரச்சினை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

முடியல. ஏன்னா, அந்த மாற்றத்துக்கு முன்னாடியே பூக்கார அக்காகிட்ட டெஸ்ட் எடுத்திருந்தேன்.

அக்கா கோயில் பக்கம் பூ விக்கிறவங்க. எனக்கு ஸ்கூல் காலத்துல இருந்தே தெரியும். எங்க வீட்டுக்கு வெள்ளிக்கிழமைப் பூ அவங்ககிட்ட இருந்துதான் வரும். ஒரு சாயங்காலம் வாசல்ல உட்கார்ந்து கட்டிக்கிட்டு இருந்தப்ப போனை நீட்டினேன். கை வேலையை நிறுத்தாமலேயே வாயால பதில் சொன்னாங்க, நான் அழுத்தினேன். அதனால கை பட்ட பிரச்சினை இங்க இல்ல.

"மூணு வாரம் கழிச்சு ஆயிரமா, இப்ப ஐநூறா அக்கா?" "இப்பவே கொடு தம்பி." "நாளைக்கு ஆயிரம்னா?" "நாளைக்குன்னா வாங்கிக்கிறேன்." "நாலு நாள்?" "வேண்டாம், இப்பவே." "ரெண்டு நாள்?" கொஞ்சம் யோசிச்சு, "ரெண்டு நாள் சரி." "மூணு நாள்?" "மூணு நாள்னா வேண்டாம்பா."

பாதி நாள் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. ஏறத்தாழ ரெண்டரை நாள். ஆப்ல சிவப்பு விளக்கு. நாங்க எழுதின விதிப்படி, மத்தது எல்லாம் எப்படி இருந்தாலும் இவங்க கடன் விண்ணப்பம் கீழே தள்ளப்படும்.

"எனக்கு எத்தனை மார்க் தம்பி?"ன்னு கேட்டாங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம, "உங்க பொறுமை ரெண்டரை நாள்னு வருதுக்கா"ன்னேன். அக்கா சிரிச்சிட்டாங்க. "ரெண்டரை நாளா? இருபது மாசச் சீட்டு கட்டுறேனே, ஒரு மாசம் தவறினது இல்லையே. அம்மாகிட்டயே கேளு."

கேட்டேன். உண்மைதான். அம்மாவும் அக்காவும் ஒரே பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனியில ஒரே குரூப். நாலு வருஷத்துல அக்கா ஒரு தவணைகூடத் தாமதமாக் கட்டல. பச்சை விளக்கு வாங்கின எங்க அம்மா ரெண்டு தடவை லேட். இதைச் சொன்னதுக்கு அம்மா என்னை முறைச்சாங்க.

அப்ப அந்த ரெண்டரை நாள் எங்க இருந்து வந்தது? நான் அக்காகிட்டயே கேட்டேன், "ஏன்க்கா மூணு நாள்னா வேண்டாம்னீங்க?" அவங்க சொன்ன பதிலை அப்படியே சொல்றேன்: "இந்த வாரம் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டிட்டேன், கையில முதல் இல்ல. ஐநூறு ரூபாய் கையில இருந்தா காலையில மார்க்கெட்டுல பூ எடுத்து, கட்டி வித்து, ராத்திரிக்குள்ள எழுநூறு ஆக்கிடுவேன். நீயே கணக்குப் போட்டுக்கோ."

போட்டேன். ஐநூறு முதல், ஒரு நாளைக்கு இருநூறு மிச்சம். ஒரு நாள் ஓட்டினா 700. அது ஆயிரத்தை விடக் கம்மி, அதனால நாளைக்கு வர்ற ஆயிரத்துக்குக் காத்திருக்கலாம். ரெண்டு நாள் ஓட்டினா 900. அதுவும் கம்மி, காத்திருக்கலாம். மூணு நாள்னா 1100. ஆயிரத்தைத் தாண்டியாச்சு, இப்பவே வாங்கிறது லாபம். நாலு நாளுக்கும் மூணு வாரத்துக்கும் சொல்லவே வேண்டாம். அஞ்சு பதிலும் அச்சு அசலா அந்தக் கணக்குல உட்காருது!

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. நான் பைத்தான்ல கே கண்டுபிடிக்கிறேன்னு உட்கார்ந்திருந்தேன். அவங்க மல்லிகை கட்டிக்கிட்டே முதல், லாபம், நாள் மூணையும் வெச்சு சரியான விடையைச் சொல்லிட்டாங்க. என் டெஸ்ட் அளந்தது அவங்க அவசரத்தை இல்ல, அவங்க வியாபாரத்துல பணம் எவ்வளவு வேகமாச் சுத்துதுங்கிறதை. இன்னும் சொல்லப்போனா, கடன் கொடுக்கிற ஆப் தேடவேண்டிய ஆளே இவங்கதான். அந்த ஆளைத்தான் நாங்க சிவப்புல போட்டோம்.

இது ஆராய்ச்சி உலகத்துக்குப் புதுசு இல்லைன்னு அப்புறம் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பணத்தை வெச்சுக் கேள்வி கேட்டா, பதில்ல மனசு மட்டும் இருக்காது. கையில முதல் இருக்கா, வெளியில என்ன வட்டிக்குக் கிடைக்கும், எல்லாம் கலந்திருக்கும். அக்கா மாதிரி ஒருத்தருக்கு வேற வழின்னா தண்டல்தான். பத்தாயிரம்னு சொல்லி எட்டாயிரத்து ஐநூறு கையில கொடுப்பாங்க, தினம் நூறு ரூபாயா நூறு நாள் கட்டணும். வருஷக் கணக்குல பார்த்தா வட்டி நூறு சதவீதத்துக்கு மேல போகும். அப்படி ஒருத்தர் இன்னைக்கு வர்ற ஐநூறை விடமாட்டார், விடவும் கூடாது. 2015ல ஆகன்பிளிக், நீடர்லே, ஸ்ப்ரெங்கர் மூணு பேரும் ஒரே ஆட்களைப் பணத்துலயும் வேலையிலும் தேர்வு செய்யச் சொன்னாங்க. பணத்துல "இன்னைக்கே வேணும்"ங்கிற சாய்வு கொஞ்சமாத்தான் தெரிஞ்சது. அலுப்பான வேலையை இன்னைக்குச் செய்யறதா, அப்புறம் தள்ளிப் போடறதான்னு கேட்டப்ப அந்தச் சாய்வு நல்லாவே தெரிஞ்சது. அசைன்மென்ட்டைக் கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போட்ட நமக்கெல்லாம் இது புரியும்.

சரி, ரிஸ்க் பக்கம் எப்படி? அதுல நம்ம நாட்டுலயே நடந்த ஒரு பெரிய சோதனை இருக்கு. ஹைதராபாத் பக்கத்துல படான்செருவுல இக்ரிசாட்னு ஒரு சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1970கள்ல அதோட ஆய்வுக் கிராமங்கள்ல ஹான்ஸ் பின்ஸ்வாங்கர்ங்கிற பொருளாதார நிபுணர் 240 குடும்பங்கள்கிட்ட ரிஸ்க் எடுக்கிற குணத்தை அளந்தார். ரெண்டு வழியில அளந்தார். ஒண்ணு, வெறும் கேள்வி பதில் பேட்டி. இன்னொண்ணு, காசு சுண்டுற விளையாட்டு, நிஜப் பணத்தோட. 50 ரூபாய் கட்டத்துல, ரிஸ்க்கே வேண்டாம்னா தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் 50 உறுதி. கொஞ்சம் ரிஸ்க் எடுத்தா 45 அல்லது 95. இன்னும் எடுத்தா 30 அல்லது 150. முழு ரிஸ்க்னா ஒண்ணுமே இல்ல அல்லது 200. உச்சத் தொகை ஒரு கூலித் தொழிலாளியோட மாத வருமானத்தை விட அதிகம். அதனால யாரும் விளையாட்டுத்தனமா ஆட முடியாது.

1980ல முடிவை வெளியிட்டார். பேட்டியில கிடைச்ச பதிலும் நிஜப் பணத்துல கிடைச்ச பதிலும் கொஞ்சமும் ஒத்துப்போகல. பேட்டி எடுத்த ஆளைப் பொறுத்துகூட விடை மாறியிருந்தது. தொகை பெருசானப்ப கிட்டத்தட்ட எல்லாருமே மிதமா ரிஸ்க்கைத் தவிர்க்கிறவங்களா இருந்தாங்க. வசதியானவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் நடுவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. ஏழைன்னா துணிச்சல் இல்லாதவன்னு ஒரு நினைப்பு இருக்குல்ல, அதுக்கு அந்த எண்கள்ல ஆதாரம் கிடைக்கல. நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் கிராமம் கிராமமாப் போய்ச் செஞ்சு, வெறும் பேட்டியை நம்பாதேன்னு எழுதி வெச்சிருக்கார். நான் ஒரு வார இறுதியில வெறும் பேட்டியை ஆப்பா மாத்தியிருந்தேன்.

பொறுமைங்கிறது மண்டைக்குள்ள இருக்கிற மாறாத எண்ணான்னும் ஒரு கேள்வி இருக்கு. இதுக்கு சென்னையில ஒரு பதில் கிடைச்சது. ஃபிராங்க் ஷில்பாக்ங்கிற ஆராய்ச்சியாளர் அங்க 229 சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களோட மூணு வாரம் ஒரு ஆய்வு நடத்தினார். 2019ல வெளிவந்தது. பகல்ல குடிக்காம வந்தா கொஞ்சம் கூடுதல் பணம்னு ஒரு பகுதியினருக்கு ஊக்கத்தொகை. எல்லாருக்கும் ஒரு சேமிப்புக் கணக்கும் உண்டு. ஊக்கத்தொகை கிடைச்சவங்களோட சேமிப்பு ஏறக்குறைய 50 சதவீதம் கூடிச்சு. குடிக்குப் போகாம மிஞ்சின பணத்தால மட்டும் அதை விளக்க முடியல. அதே ஆள், அதே மண்டை, சூழ்நிலை மாறினதும் சேமிப்பு மாறிடுச்சு. இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது இன்னொண்ணு. எந்த நிபந்தனையும் இல்லாத பணத்தையும், குடிக்காம வந்தா மட்டும் கிடைக்கிற பணத்தையும் முன்னாடி வெச்சுத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க. பாதிக்கும் மேல பேர் நஷ்டத்தை ஏத்துக்கிட்டு நிபந்தனை இருக்கிறதையே கேட்டாங்க. அதாவது, என்னை நானே கட்டிப்போட்டுக்கறேன், அதுக்குக் காசு போனாலும் பரவாயில்லன்னாங்க.

சீட்டும் அதே மாதிரி ஒரு பூட்டுதான். 20 பேர், மாசம் 5000, மொத்தம் ஒரு லட்சம். ஒவ்வொரு மாசமும் ஏலம். யார் அதிகமாத் தள்ளிக் கேக்கிறாங்களோ அவங்களுக்கு அந்த மாசச் சீட்டு. தள்ளின தொகை கம்பெனி கமிஷன் போக எல்லாருக்கும் பிரிஞ்சு, தவணையில கழியும். 1982 சீட்டு நிதிச் சட்டத்துக்கு 2019ல வந்த திருத்தப்படி அந்தக் கமிஷனுக்கு உச்சவரம்பு 7 சதவீதம். பூக்கார அக்கா நாலாவது மாசமே 25,000 தள்ளி 75,000க்குச் சீட்டு எடுத்தாங்க. என் ஆப் இதைப் பார்த்தா, அவசரக்காரின்னு இன்னொரு சிவப்பு விளக்கு போடும். ஆனா அந்தப் பணத்துல அவங்க முதல்ல செஞ்சது தண்டல் பாக்கியை அடைச்சதுதான். பெரிய வட்டியை அடைக்க சின்ன வட்டியை எடுத்தாங்க. அதுக்கப்புறம் மீதிப் பதினாறு மாசமும் தவறாமக் கட்டினாங்க. ஏலம், அளவு, பூட்டு எல்லாம் ஒரே இடத்துல இருக்கு, நம்ம ஊர்ல எவ்வளவோ காலமா.

அப்ப இந்த அடாப்டிவ் டெஸ்ட் எல்லாம் குப்பையான்னு கேட்டா, இல்ல. அப்படிச் சொல்லிட்டு ஓடறது சுலபம், ஆனா உண்மை இல்ல. 2018ல வெளிவந்த ஒரு உலகளாவிய ஆய்வுல 76 நாடுகள்ல 80,000 பேர்கிட்ட இதே மாதிரி படிப்படியா இறங்குற அஞ்சு கேள்விகளைக் கேட்டாங்க, இந்தியாவும் அதுல உண்டு. ஒரு பெரிய கூட்டத்தோட சராசரியைப் பார்க்கிறப்ப, ஒரு தாத்தா கைதவறி அழுத்தினது அடிபட்டுப் போயிடும். புகைப் பழக்கம், குடிப் பழக்கம் பத்தின ஆராய்ச்சியிலும் இந்த அளவுகள் ரொம்ப உதவியா இருக்கு. ஆனா ஒரே ஒரு ஆளோட கடனை முடிவு பண்றப்ப சராசரி காப்பாத்தாது. அதோட, கைதவறல் மாதிரிப் பிழைகள் ஆட்கள் கூடக்கூடக் கரையும். பூக்கார அக்காவோட விஷயம் கரையாது. பத்தாயிரம் பூக்காரங்களைக் கேட்டாலும் பத்தாயிரம் பேரும் ஒரே பக்கம்தான் சாய்வாங்க. டேட்டா கூடினா தப்பான விடை இன்னும் உறுதியா வரும், அவ்வளவுதான்.

கடைசியா, ஆபீஸ்ல என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. ரெண்டு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதினேன். அக்காவோட கணக்கை, பேர் இல்லாம, அப்படியே போட்டேன். மூணு விஷயம் கேட்டேன். இந்த ஸ்கோரைக் கடன் முடிவுல சேர்க்க வேண்டாம். சேர்த்தே ஆகணும்னா, வெறும் கேள்வியா இல்லாம நிஜப் பணத்தோட ஒரு சிறு குழுவுல சோதிச்சு, கடனைத் திருப்பிக் கட்டறதோட நிஜமாவே பொருந்துதான்னு பார்க்கணும். மூணாவது, தினசரி முதல் எவ்வளவு, வேற கடன் இருக்கான்னு அதே திரையில கேட்கணும்.

மீட்டிங்ல ஒருத்தர், "ஒரு பூக்காரம்மாவை வெச்சு மொத்த மாடலையே குறை சொல்றீங்களா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சொன்னது: "ஒருத்தரை வெச்சு மாடல் தப்புன்னு நான் சொல்லல. எதை அளக்கிறோம்னு நமக்கே தெரியலைன்னு அந்த ஒருத்தர் காட்டிட்டாங்க." முடிவு பாதிதான் நல்லது. இந்த வெர்ஷன்ல ஸ்கோரைக் கடன் முடிவுல இருந்து எடுத்துட்டாங்க. ஆனா கேள்விகள் ஆப்ல இருக்கு, பதில்கள் சேகரிக்கப்படுது. பின்னாடி யார் எதுக்கு எடுப்பாங்களோன்னு எனக்கு முழு நிம்மதி இல்ல. அந்தக் கோட்ல என் பேர் இருக்கு. அதனாலதான் இதை உங்ககிட்ட வெளிப்படையாச் சொல்றேன்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏதாவது ஆப் "இப்ப இவ்வளவா, அப்புறம் அவ்வளவா?"ன்னு கேட்டா, அது ஜாலி க்விஸ்னு நினைச்சுத் தட்டிட்டுப் போகாதீங்க. இது எதுக்கு, என் கடனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. நீங்க என்னை மாதிரி அந்தக் கோடை எழுதுற ஆளா இருந்தா, அனுப்புறதுக்கு முன்னாடி சிவப்பு விளக்கு வாங்கின ஒருத்தர்கிட்டயாவது "ஏன் அப்படிச் சொன்னீங்க?"ன்னு கேளுங்க. நான் கேட்க அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு.

ஆரம்பத்துல கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கா, இப்ப ஐநூறா, மூணு வாரம் கழிச்சு ஆயிரமா? உங்க பதிலையும், முக்கியமா அதுக்கான காரணத்தையும் வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. நல்ல காரணங்களை அடுத்த எபிசோட்ல சேர்க்கிறேன்.

பூக்கார அக்காகிட்ட இந்த எபிசோட் பத்திச் சொல்லி அனுமதி வாங்கிட்டேன். "என் பேரைச் சொல்லாத, ஆனா சீட்டு விஷயத்தைச் சொல்லு"ன்னாங்க. சொல்லிட்டேன் அக்கா.

அடுத்த வாரம் பார்க்கலாம்.